பதினோரு நிமிடத்தில் அணைந்த லேப்டாப்

புனே நகரத்தில், மேகத்தில் தலை இடிக்கும் பன்னிரண்டாவது மாடியில், கம்பெனி கொடுத்த பளபளக்கும் புது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மகனுக்கு, கள்ளிக்குப்பத்தின் ஒரே கணினி மருத்துவனும், ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு நான்கு நாள் மல்லுக்கட்டி அதை மண்ணைக் கவ்வ வைத்த மாவீரனுமான உன் அப்பன் எழுதிக்கொள்வது. நீ இங்கே விட்டுப்போன கிழட்டு லேப்டாப் பிழைத்துக்கொண்டது. ஊரே கைவிட்ட கேஸ். நான் எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். வெற்றி முரசு கொட்ட ஆள் கிடைக்கவில்லை, அதனால் நானே கொட்டிக்கொள்கிறேன். கொட்டுவதற்கு நடுவில் ஒரு விஷயம். இந்தப் போரில் ஒரு குற்றவாளியையும் பிடித்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது, ஆன்லைன் வேலைத் தேர்வின் நடுவில் இதே லேப்டாப் அணைந்துபோனதே, அதற்கு யார் காரணம் என்று தெரிந்துவிட்டது. நீ இல்லை. அன்று நான் உன்னைத் திட்டியது மூன்று வீட்டுக்குக் கேட்டது. அதனால் இந்தக் கடிதத்தையும் உனக்கு மட்டும் அனுப்பாமல், நம் தெரு வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். ஊரறியத் திட்டிவிட்டு, ரகசியமாகவா மன்னிப்புக் கேட்பது?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நீ புனேவுக்குக் கிளம்பிப்போன மறுநாளே உன் அம்மா உன் மேஜையைக் காலி பண்ணி, லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து தையல் மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜாக்கெட் அளவெல்லாம் அதில்தானே இருக்கிறது. பழைய நோட்டில் எண்ணெய்க் கறை, மாவுக் கறை, மனுஷன் படிக்க முடியவில்லை என்று நீதான் உட்கார்ந்து இருநூறு பேருக்கு மேல் கழுத்து, தோள், கை, இடுப்பு என்று கட்டம் கட்டி ஏற்றிக் கொடுத்தாய். அம்மாவும் நோட்டைக் கிழித்து அடுப்பு துடைக்கிற தாளாக்கிவிட்டாள். இப்போது ஆவணி முகூர்த்தம். ஆவடியில் ஒரு கல்யாண வீடு, பெண்ணுக்கும் பெண்ணின் சித்தி, அத்தை, அக்கா பட்டாளத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பது ஜாக்கெட். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். துணி வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, அளவு பார்க்க லேப்டாப்பைத் திறந்தால், திங்கட்கிழமை காலையில் அது நீலத்திரையைக் காட்டி, அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்கிறது.

அணைப்போமா நாம்? உன் அம்மா அதற்குத் துணி போர்த்திக் கண்ணேறு கழிக்காத குறைதான். அந்தச் சதவீதம் ஏறிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் நான் வேப்பம்பட்டு போய், மனை பார்த்து, பத்திரம் பதிந்து, சுற்றிலும் வேலி போட்டு, நட்ட தென்னை காய்த்த பிறகு ஓர் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். எழுபத்தொன்று வந்ததும் டப்பென்று அணைந்தது. மறுபடி போட்டால், மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி அதுவும் டப். மறுபடி போட்டால் மறுபடி அதே. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, உள்ளே இருக்கும் அளவுகளை எடுக்கவும் வழியில்லை. அன்று மத்தியானம் உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ மீட்டிங்கில் இருந்தாய். "ஃபார்மேட் மட்டும் பண்ணிடாதப்பா" என்றாய். நான் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினேன். "சரிப்பா" என்றாய். வேறு ஏதாவது செய்யலாமா என்றேன். "சரிப்பா. அம்மாகிட்ட குடு." ஆறு வருஷமாக நமக்குள் நடக்கும் எல்லா உரையாடலும் இந்த மூன்று சொல்லில்தான் முடிகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, மியூசியத்துலேர்ந்து தூக்கிகினு வந்தியா?"

"ஒம்பது வருசந்தான் ஆவுது. இன்னா நோவுன்னு சொல்லு."

"ஓஎஸ் பூட்ச்சி. ஃபார்மேட் அட்ச்சா புச்சா ஆயிடும்."

"உள்ள கீறது?"

"சிலேட்ட எச்ச தொட்டு அழிச்ச மாரி பூடும்."

"பைல மட்டும் எட்து குடுக்க முடியாதா?"

"முடியும். டிஸ்க்க கயட்டி எட்துடலாம். ஆனா முன்னாடி பன்னெண்டு மிசினு கீது பாரு, ஒரு வாரம் ஆவும். வச்சிட்டுப் போ."

வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் எங்கே இருக்கிறது? திரும்பவும் பையில் போட்டேன். பஸ்ஸில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறித்துச் சொல்லி அனுப்பப்பட்ட நோயாளியைக் கூட்டி வருவது போலிருந்தது. இரண்டு பேர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.

புதன்கிழமை மாடி வீட்டு இசக்கியைப் பிடித்தேன். அம்பாசமுத்திரத்துப் பெண், நீ கிளம்புகிற வாரம்தான் குடிவந்தது. ஐடி கம்பெனி, அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. என்னைப் பொறுத்தவரை ஐடி என்றால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் குலதெய்வம். அது சிரித்துவிட்டது. "நான் டெஸ்டிங்லா பாக்கேன் மாமா. தப்பு இருக்குன்னு சொல்லதுதான் என் வேல. சரி பண்ணுததுக்கு வேற ஆளு." ஆனாலும் நல்ல பெண். எந்த விசையை அழுத்தினால் எது வரும் என்று காட்டிக்கொடுத்தது. பழுது பார்க்கும் திரை வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவசியமானதை மட்டும் வைத்து எழுப்பும் சேஃப் மோட் என்று ஒன்றும் வந்தது. எது வந்தாலும் நடுவழியில் டப். இசக்கி போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. "ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நிக்கி மாமா. ஓஎஸ் தப்புன்னா ஒரே எடத்துலதான நிக்கணும்?"

மகனே, அந்த நிமிஷம் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ் ஃபிட்டர் கொட்டாவி விட்டு எழுந்தான். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பம்ப் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம். மிஷின் நின்றால் நாங்கள் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் ஓடி நின்றது என்றுதான். மூன்று நாளாகச் சதவீதத்தை முறைத்துக்கொண்டிருந்தேனே தவிர, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை ஆற விட்டுப் போட்டேன். பதினோரு நிமிஷத்தில் நின்றது. உடனே போட்டேன். நான்கு நிமிஷம். ஒரு மணி நேரம் ஆற விட்டுப் போட்டேன். மறுபடி பதினோரு நிமிஷம். சந்தேகமே இல்லை, சூடு! புறங்கையை அடிப்பக்கம் வைத்தேன். பேரிங் சூடு பார்க்கிற மாதிரி. தோசை வார்க்கலாம், மசாலாவும் வதக்கலாம். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாவம் மூளை குழம்பவில்லை. திரும்பப் பெறும் வேலையை முடிக்க அதற்கு இருபது நிமிஷமாவது வேண்டும்போல, உடம்பு பதினோரு நிமிஷத்தில் மயக்கம் போட்டு விழுகிறது. எழுந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. சரிபார்க்க, பாத்திரம் கவிழ்க்கும் கம்பி ஸ்டாண்டின் மேல் அதை ஏற்றி, டேபிள் ஃபேனைக் கீழேயிருந்து ஊத விட்டேன். பத்தொன்பது நிமிஷம் ஓடியது! தெருவில் இறங்கி ஓடலாம் போலிருந்தது. லுங்கி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, கூடத்தில் பாய் விரித்து அறுவைச் சிகிச்சை. பின்மூடியில் பத்து ஸ்க்ரூ. எது எந்த ஓட்டை என்று வரிசை மாறாமல் அம்மாவின் பட்டன் டப்பா மூடியில் அடுக்கினேன். மூடி கழன்றது. உள்ளே விசிறி. அதன் பக்கத்தில் சூட்டை வெளியே தள்ளும் செப்புத் தகடுகள், சீப்புப் பல் மாதிரி. அந்தப் பல் இடுக்கெல்லாம் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஏதோ கட்டிதட்டிப் போயிருந்தது. அடிமூடியின் காற்றுத் துளைகளும் அதே மஞ்சளில் பூசி மெழுகினாற்போல் அடைத்துக் கிடந்தன. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, மஞ்சளா கீது?"

"தூசிதான்."

"தூசி இந்தக் கலர்ல இருக்குமா? குடு இப்டி." நகத்தால் ஒரு துண்டு பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது. "யோவ். சந்தனம்யா இது."

நானும் மோந்து பார்த்தேன். சந்தனம்தான். நடுவில் குங்குமச் சிவப்பு. மேலே பஞ்சு மாதிரி விபூதி.

இதற்கு மேல் எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு நம் வீட்டில் எதுவும் தப்பாது, உனக்கே தெரியும். ஸ்பேனர் செட், அம்மாவின் தையல் மிஷின், கத்தரிக்கோல், மிக்ஸி, சைக்கிள் பம்ப், எல்லாவற்றுக்கும் பட்டை. நீ லேப்டாப் வாங்கிய முதல் வருஷம் அதன் மூடி மேலே பட்டை இழுத்து நடுவில் பொட்டு வைத்தேன். "மேல வெக்காதப்பா, காலேஜ்ல ஓட்றானுங்க" என்று நீ கெஞ்சினாய். நானும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த வருஷத்திலிருந்து, நீ குளிக்கப் போன நேரம் பார்த்துத் திருப்பிப் போட்டு அடியில் பூசினேன். யார் கண்ணிலும் படாத இடம், சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று. வழவழப்பான இடத்தில் சந்தனம் நிற்காமல் உதிர்ந்தது. வரிவரியாகத் துளை இருந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்தது. என்ன பொருத்தமான இடம், இதற்கென்றே வார்த்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டு, வருஷா வருஷம் அதே இடத்தில் நான்கு விரல் பட்டை. அதன் மூக்கில் ஆண்டுக்கொரு தடவை பக்தியோடு சிமென்ட் அடைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனியில் ஒரு மோட்டாரின் காற்று வழியில் யாராவது கந்தலை வைத்தால் கூட அவனை எஸ்டேட் எல்லை வரைக்கும் துரத்தியிருப்பேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த சந்தனத் துண்டைப் பாயில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் பரீட்ச எப்பய்யா? பூஜ முடிஞ்சி எத்தினி நாளு?"

"நாலாம் நாள்."

"அன்னிக்கி புள்ளய இன்னா பேச்சு பேசின நீ."

பேசியது எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. நீ சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரி, இதே கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாய். அம்மா மிஷினை ஓட்டவில்லை. நான் டிவியைப் போடவில்லை. குக்கரின் விசிலைக் கூடக் கழற்றி வைத்தோம். நாற்பது நிமிஷம் போயிருக்கும், நீ எழுந்து நின்றாய். திரை கறுப்பு. மறுபடி போட்டாய், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை வந்தபோது தேர்வுப் பக்கம் பூட்டிக்கொண்டுவிட்டது. "தானா ஆஃப் ஆயிடுச்சிப்பா" என்றாய். நான் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். "தானா எந்த மிசினும் நிக்காது. நிறுத்துனவன் ஒருத்தன் இருப்பான். கண்ட கேம ஏத்தி, கண்ட படத்த ஏத்தி, குட்டிச்சுவராக்கி வெச்சது நீ." நீ சொல்ல வந்தாய். "இல்லப்பா, சூடாவுது, அதனால..." நான் விடவில்லை. "பொறுப்பு இல்லாதவனுக்கு ஆயிரம் காரணம்" என்று தெருமுனை வரை கேட்கக் கத்தினேன். நீ லேப்டாப்பை மூடினாய். "சரிப்பா" என்றாய். அதுதான் முதல் சரிப்பா. அதற்குப் பிறகு எட்டு மாசம் வேலை தேடி அலைந்தாய், ஒரு நாளும் என்னிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

சந்தனம் பூசியது கூட அறியாமை. எனக்கு உறைப்பது வேறு. சூடாகிறது என்று ஒரு மிஷினைப் பற்றி என் காதில் விழுந்தால், தூக்கத்தில் கூடக் கை நீட்டி அடியில் வைத்துப் பார்க்கிறவன் நான். அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். எவன் எவனோ ஆபரேட்டர் வந்து சூடாவுது சார் என்றால் நம்பினேன். நீ சொன்னபோது மட்டும் கையை அடியில் வைக்கவில்லை. விரலை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். வைத்திருந்தால் அன்றைக்கே என் கையில் சந்தனம் ஒட்டியிருக்கும்.

இன்னொன்றும் வியாழக்கிழமைதான் புரிந்தது. அந்தத் தேர்வுக்கு அப்புறம் லேப்டாப்பின் பின்பக்க மூலை இரண்டிலும் தண்ணீர் பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து வைத்திருந்தாயே, நான் கூட, "இன்னாடா, மேட்டுக்குடி லேப்டாப்பா?" என்று கிண்டல் பண்ணினேன். நீ மூடிகளை நேராக நகர்த்தி வைத்தாய். அது காற்று போக நீ செய்த வழி. நோயை நீ அன்றைக்கே கண்டுபிடித்து, இரண்டு பிளாஸ்டிக் மூடியில் வைத்தியமும் பார்த்து, இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய். வீட்டில் ஒரு ஃபிட்டர் இருந்தும் அவனிடம் சொல்லவில்லை. நீ போனதும் அம்மா மேஜையைத் துடைத்தபோது மூடிகளை எடுத்துப்போட்டுவிட்டு, மெத்தென்று இருக்கட்டும் என்று துணி மடித்து அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். கொஞ்சநஞ்சம் விட்டுக்கொண்டிருந்த மூச்சும் நின்றது.

அப்புறம் போர் முடிவைச் சொல்கிறேன், அதற்குத்தானே முரசு! பழைய பல் துலக்கும் பிரஷ், ஊசி, அம்மாவின் தையல் மிஷின் தூசு ஊதும் பம்ப், மூன்று ஆயுதங்களோடு இரண்டு மணி நேரம் சுரண்டினேன். ஒரு தீப்பெட்டி நிறையச் சந்தனம் வந்தது. கரையான்சாவடிக்கு ஓடி, சூடு கடத்தும் பசை ஒரு சின்ன ஊசிக்குழாயில் வாங்கி வந்து, தகடும் மூளையும் தொடுகிற இடத்தில் ஒரு பட்டாணி அளவு வைத்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "சந்தனத்த சொரண்டிட்டு இப்ப விபூதி பூசுறியா? உனுக்கு கையி சும்மா இருக்காதா?" என்றாள். பத்து ஸ்க்ரூவும் பத்து இடத்தில் ஏறின, ஒன்று கூட மிச்சமில்லை, சாட்சி இசக்கி. பொத்தானை அழுத்தினேன். விசிறி முன்பெல்லாம் ஆவடியில் ராணுவ டாங்கி ஓட்டிப் பார்க்கிற சத்தம் போடும். இப்போது பூனை குறட்டை. வட்டம் சுற்றியது. பதினொன்றாவது நிமிஷம் வந்தபோது அம்மா கத்தரிக்கோலை மார்போடு பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு. பதிமூன்று. இருபத்திரண்டாவது நிமிஷம் உன் பழைய கல்லூரிப் படம் திரையில் வந்து சிரித்தது. நான் போட்ட கூச்சலில் இசக்கி மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தது. முதல் வேலையாக அளவு ஃபைலைப் பென்டிரைவில் ஒரு பிரதி, இசக்கியின் போனில் ஒரு பிரதி. அதற்கப்புறம் பாதியில் நின்ற அப்டேட்டின் குப்பையை எப்படி அழிப்பது என்று அது சொல்லச் சொல்ல நானே அழித்து, புதிதாக இறக்கினேன். ஒரே மூச்சில் நூறு. அம்மா ராத்திரி முழுக்க மிஷினை ஓட்ட, நானும் இசக்கியும் கொக்கி தைக்க, பத்தொன்பது ஜாக்கெட்டும் நேற்றுச் சாயங்காலம் ஆவடி போய்ச் சேர்ந்தன. மணப்பெண்ணின் அத்தைக்கு மட்டும் கை கொஞ்சம் இறுக்கமாம். உன் ஃபைல் சரியாகத்தான் இருந்தது, அத்தைதான் அப்டேட் ஆகிவிட்டாள்.

வெளியூரில் தனியாக இருக்கிற மகனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் இந்த வாரம் கிடைத்தது. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். உனக்கும் ஒரு பிள்ளை வரும். யாராவது வந்து நின்றுபோச்சு என்றால், நிறுத்தினது யார் என்று தேடாதே. முதலில் கையை அடியில் வைத்துப் பார். உன் அப்பன் அதைச் செய்யவில்லை, ஒரு பையனின் பேச்சு ஆறு வருஷம் மூன்று சொல்லாகச் சுருங்கிப்போனது. அன்றைக்குக் கைநழுவிய அந்த வேலையை நான் உனக்குத் திருப்பித் தர முடியாது. பொறுப்பில்லாதவன் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மூன்று வீடும் கேட்கட்டும். தானாக எந்த மிஷினும் நிற்காது, நிறுத்தினவன் ஒருத்தன் இருப்பான் என்று அன்று நான் சொன்ன தீர்ப்பு சரியான தீர்ப்புதான். கூண்டில்தான் ஆள் மாறி நின்றது.

இதை அந்த லேப்டாப்பில்தான், ஒற்றை விரலால், காலை ஏழு மணியிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தடவை டீ வைத்துவிட்டாள். தையல் மிஷின் பெட்டிக்குள் தேடி உன் இரண்டு பாட்டில் மூடிகளையும் கண்டுபிடித்து, பழைய இடத்திலேயே முட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவசியமில்லை, ஆனால் வைத்தியன் நீ, உன் மருந்தை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு எங்கே வைக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் போன் பண்ணுவாய் இல்லையா? சரிப்பா என்று அம்மாவிடம் கொடுத்துவிடாதே. திட்டு. எத்தனை வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. அன்றைக்கு, "சூடாவுது, அதனால" என்று ஆரம்பித்தாய், நான் வெட்டிவிட்டேன். அந்த அதனாலவுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தாய்? மெதுவாகச் சொல்லு நைனா. பதினோரு நிமிஷத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.